ஒட்டகத்தைக் கட்டுவதும் ஊரை ஐயுறுவதும்

ஆனி மாதத்துச் சாரல் குற்றால மலையை மூடிக்கொண்டால், தென்காசியில் வாழும் எங்கள் குடும்பத்தார் ஒன்றுகூடுவது நெடுநாள் வழக்கம். வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் தொழில் செய்வோர் அந்நாட்களில் ஊர் திரும்புவர். காலையில் ஐந்தருவிக்குச் சென்று நீராடிவிட்டு, ஈரத் தலையுடன் வந்து திண்ணையில் அமர்ந்தால், அஸர் தொழுகைக்கு அழைப்பு வரும் வரையில் பேச்சு ஓயாது. திருமணங்கள் பேசி முடிக்கப்படுவதும், பிணக்குகள் தீர்க்கப்படுவதும் பெரும்பாலும் அந்தச் சாரற் காலத்துத் திண்ணையிலேதான்.

சென்ற ஆண்டுச் சாரலின்போது அத்திண்ணைக்கு ஒரு புது வழக்கு வந்தது. வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் என் மகன், விடுமுறையில் இலங்கைக்குச் சென்று, மோட்டார் வண்டி ஒன்றை அமர்த்திக்கொண்டு அத்தீவைச் சுற்றிவர விரும்பினான். கொழும்பு, கண்டி, மட்டக்களப்பு, திரிகோணமலை, யாழ்ப்பாணம் எனப் பத்து நாள் பயணம்; ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாத சாலைவழி. மனைவியையும் இரு குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்வதாகத் திட்டம்.

என் துணைவியார் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "வேண்டாம் மகனே! சண்டை ஓய்ந்த நாடு என்கின்றாய். ஓய்ந்த சண்டை மீண்டும் மூளாது என்று எழுதிக் கொடுப்பவர் யார்? பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோய் அறியாத ஊரின் அறியாத பாதையில் விடுவதற்கு உனக்கு எப்படி மனம் வந்தது?"

மகன் சிரித்தான். "அம்மா, நமக்கென விதித்தது வீட்டில் இருந்தாலும் வந்து சேரும். அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள்" என்றான்.

தாயார் அச்சத்தை முன்வைத்தார். மகன் நம்பிக்கையை முன்வைத்தான். இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தனர். ஓர் இரவு தவணை கேட்டேன். அந்த ஓர் இரவில் தொடங்கிய எண்ணங்கள் ஓராண்டாகியும் என்னை விட்டு அகலவில்லை. அவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

அச்சத்திற்கும் காரணம் உண்டு

ஒரு தாயின் அச்சத்தை அறியாமை என்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. 1983 முதல் 2009 வரை அந்நாடு உள்நாட்டுப் போரில் வெந்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளின் ஆணையால், வீடு வாசல் அனைத்தையும் விட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவையெல்லாம் கதையல்ல; நம் வீடுகளில் நாளிதழ் படித்த எவரும் மறக்கக்கூடியவையும் அல்ல.

ஆகவே, என் துணைவியாரின் அச்சம் வெறும் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், அந்த அச்சம் எதைக் காண்கின்றது, எதைக் காணாமல் விடுகின்றது என்று கேட்கும் கடமை எனக்கு இருந்தது.

முதலில் என் பாட்டனார் நினைவுக்கு வந்தார். தென்காசியிலிருந்து மேற்கே ஏழெட்டுக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றது செங்கோட்டை. இன்று நாம் நாள்தோறும் போய்வரும் இடம். ஆனால் 1956 நவம்பர் 1 வரையில் அது மலைக்கு அப்பாலுள்ள ஆட்சியைச் சேர்ந்தது. மன்னராட்சிக் காலத்தில் திருவிதாங்கூருக்குத் தனி நாணயம். சக்கரம் என்பது அதன் பெயர். தனி அஞ்சல், தனிச் சட்டம். தென்காசிக்காரனுக்கு அயல்நாடு என்பது கூப்பிடு தூரத்தில் இருந்தது.

என் பாட்டனார் துணி வாணிகர். கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே 1904ஆம் ஆண்டிலேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்றாலும், அவர் வழிநெடுகிலும் உள்ள சிற்றூர்களில் விற்றுச் செல்வதற்காக மாட்டு வண்டியிலேயே ஆரியங்காவு மலைவழியைக் கடந்து புனலூர் வரை செல்வாராம். அவர் புறப்படும் ஒவ்வொரு முறையும் அவருடைய அன்னையார் பொட்டல்புதூருக்கு நேர்ந்துகொள்வாராம். காட்டு விலங்கு, மலைக்காய்ச்சல், வழிப்பறிக் கள்வர், மொழி தெரியாத மனிதர் என்று அவர் அடுக்கிய அச்சங்களின் பட்டியல், என் துணைவியாரின் பட்டியலை ஒத்தே இருந்திருக்கும்.

அந்தப் பாட்டனார் சொல்லிச் சொல்லிச் சிரித்த செய்தி ஒன்று உண்டு. மலைக்கு அப்பால் ஒரு வீட்டு வாயிலில் தண்ணீர் கேட்டு நின்றாராம். உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தையை அதன் தாய் அதட்டிக்கொண்டிருந்தாளாம்: அழுகையை நிறுத்தாவிட்டால் பாண்டிக்காரன் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று! எந்தப் பாண்டிக்காரனைக் காட்டிக் குழந்தை அச்சுறுத்தப்பட்டதோ, அந்தப் பாண்டிக்காரன் தாகத்தால் நா வறண்டு வாயிலில் நின்றான். இங்கே ஒரு தாய் அங்குள்ளோரை எண்ணி அஞ்சினாள். அங்கே ஒரு தாய் இங்குள்ளோரைக் காட்டி அஞ்சவைத்தாள். மலை மட்டும் நடுவில் நின்றது.

இந்த அச்சத்திற்கு எல்லோரும் அடங்கியிருந்தால் என்னவாகியிருக்கும்? தென்காசியில் பிறந்த மெய்ஞ்ஞானி பீர்முகம்மது அப்பா அவர்கள் மலைநாட்டிற்குச் சென்று தவமிருந்து, தக்கலையில் நிலைத்து, அங்கேயே அடங்கியுள்ளார்கள். பீர்மேடு என்னும் மலையூரின் பெயரே அவர்களை ஒட்டி வந்தது என்பது வழிவழிச் செய்தி. அவர்கள் தென்காசியை விட்டு அகலாதிருந்தால், தக்கலை இன்று நாம் அறிந்த தக்கலையாக இருந்திராது.

பாதுகாப்பான பாதை எது?

சாலைப் பாதுகாப்பைப் பற்றி எழுதிய பழைய பயணியர் ஒருவரும் நினைவுக்கு வந்தார். 1325ஆம் ஆண்டில் மொராக்கோவின் தாஞ்சியர் நகரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, ஏறத்தாழ முப்பதாண்டுகள் உலகைச் சுற்றியவர். கொல்லம் வரை நீண்ட மலபார்ச் சாலையைப் போலப் பாதுகாப்பான சாலையைத் தாம் கண்டதில்லை என்று அவர் தம் பயண நூலில் குறித்துள்ளார். வழிநெடுகிலும் பயணியர் தங்க மரக்கொட்டகைகளும் கிணறுகளும் இருந்தன. கீழே விழுந்து கிடக்கும் தேங்காயைக்கூட உரியவனன்றி வேறெவனும் தொடமாட்டான். அந்த நாட்டை ஆண்டவர் முஸ்லிம்கள் அல்லர். மக்களிற் பெரும்பாலோரும் அல்லர். அவரோ மொழியறியா அந்நியர். ஆயினும் அவருடைய உடைமை பாதுகாப்பாக இருந்தது.

மாறாக, தாம் நீதிபதியாகப் பணியாற்றிய தில்லிச் சுல்தானின் ஆட்சி எல்லைக்குள், கோயில் என்று அந்நாளில் வழங்கிய இன்றைய அலிகாருக்கு அருகே, கொள்ளையர் கையில் அகப்பட்டு உயிர் தப்பியதே அரிதாயிற்று. 1344இல் இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாண மன்னராகிய ஆரியச் சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்கும், யோகியரும் அந்தணரும் அடங்கிய வழித்துணையும் அளித்துப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிவைத்தார். அவர் நலமே சென்று நலமே மீண்டார். பின்னர் மேலைக் கடலில் கடற்கொள்ளையர் அவரை வளைத்து, அம்மன்னர் தந்த மணிகளையும் மற்றனைத்தையும் பறித்துக்கொண்டனர்.

தம்மவர் ஆட்சியில் இடர். அயலார் நாட்டில் காவல். நிலத்தில் அமைதி, நீரில் கொள்ளை. ஆபத்து எந்த ஊரில் குடியிருக்கின்றது என்று அவராலேயே முன்கூட்டிச் சொல்ல இயலவில்லை. தொலைவு ஆபத்தின் அளவுகோல் அன்று. அந்நியமும் அதன் அடையாளம் அன்று.

அப்படியானால் எங்கள் திண்ணையில் எவரும் எண்ணிப் பார்க்காத ஆபத்துகள் எவை? 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தோர் உயிர் பிழைக்க ஓடினர்; 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான். அதே ஆண்டு ஜனவரியில் குற்றாலத்தில் நீராடித் திரும்பிய இளைஞர் அறுவர், புளியங்குடியை அடுத்த நெடுஞ்சாலையில் லாரி மோதி உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டதாக நடுவண் அரசின் அறிக்கை கூறுகின்றது. அவ்வாண்டு மிகுதியான விபத்துகள் நேர்ந்த மாநிலம் நம் தமிழ்நாடே. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், சாலையில் உயிர் இழப்போர் எண்ணிக்கையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

இலங்கை வேண்டாம் என்று வாதிட்ட அந்த நாளின் காலையில்தான், ஐவர் அமரவேண்டிய வண்டியில் எண்மர் நெருங்கி, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, இருக்கை வாரை ஒருவரும் அணியாமல், நாங்கள் ஐந்தருவிக்குச் சென்று வந்திருந்தோம். என் துணைவியாரும் அதில் இருந்தார். நானும் இருந்தேன். எவருக்கும் அச்சம் தோன்றவில்லை. ஏனெனில், அது நம் சாலை, நம் அருவி.

ஒரு மறைத்த செய்தி

இங்கே நான் இதுவரை வீட்டாரிடம் சொல்லாதிருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு முன் கொல்லத்தில் ஓர் உறவினர் திருமணம். விருந்து முடிய நள்ளிரவாயிற்று. தங்கிச் செல்லுமாறு அவர்கள் வற்புறுத்தினர். மறுநாள் கடை திறக்கவேண்டும் என்பதற்காக நான் மறுத்துவிட்டுக் காரை எடுத்தேன். தென்மலையைக் கடந்து மலைவழி ஏறும்போது மழை பெய்துகொண்டிருந்தது. துணைவியாரும் மக்களும் உறங்கிவிட்டனர். ஒரு நொடி நானும் உறங்கிவிட்டேன். சக்கரம் கல்லில் இடித்த ஓசையில் விழித்தபோது, வண்டி பாதையின் ஓரக் கல்லில் முட்டி நின்றது. அதற்கப்பால் இருட்டும், கீழே நீர் ஓடும் ஓசையும் மட்டுமே. துணைவியார் கண் விழித்து என்ன என்று கேட்டார். "ஒன்றுமில்லை, கண்ணாடியைத் துடைக்க நிறுத்தினேன்" என்றேன்.

குற்றம் சாலையின் மீதன்று, மழையின் மீதன்று, என் மீதே. என்னை நம்பி உறங்கிய நால்வரின் உயிரை, ஒருநாள் வாணிகத்திற்காகப் பணயம் வைத்தேன். அவர்களிடம் கேட்கவுமில்லை. பின்னர் அதைத் தவக்குல் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தவணை கேட்ட அந்த இரவில், மகனின் வாயிலிருந்து அதே சொல்லைக் கேட்டதனால்தான் எனக்கு உறக்கம் வரவில்லை.

தவக்குல் என்பது யாது? ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு இறைவன் மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று வினவிய கிராமவாசிக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பிக்கை வை என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடை பகர்ந்த செய்தியை நம் குழந்தைகளும் அறிவர். கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டிற்குச் செல்லும் வழியில், ஸர்கு என்னும் இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து ஓடுகின்றீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஆம், அவனது விதியிலிருந்து அவனது விதியின் பக்கமே செல்கின்றோம் என்னும் பொருளில் உமர் (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். முன்செல்வதும் விதிக்கு உட்பட்டதே. திரும்புவதும் விதிக்கு உட்பட்டதே. ஆகவே, விதியைக் காட்டி எச்சரிக்கையைத் தள்ளிவிட எவருக்கும் உரிமையில்லை.

இதில் நாம் பெரும்பாலும் கருதாத ஒன்று உண்டு. ஒட்டகம் அந்தக் கிராமவாசியின் சொந்த உடைமை. தொலைந்தால் இழப்பு அவருக்கு. ஆனால் வண்டியின் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தை ஓட்டுபவனின் உடைமையன்று, அமானிதம். தன் உயிரை முன்னிட்டுத் துணிபவனை வீரன் என்று சொல்லலாம். கேட்கப்படாத பிறருடைய உயிரை முன்னிட்டுத் துணிபவனுக்கு அப்பெயர் பொருந்தாது.

எச்சரிக்கையும் ஐயமும்

மகனின் தவக்குலில் குறை கண்ட நான், தாயின் அச்சத்திலும் ஒரு குறையைக் கண்டேன். எச்சரிக்கை வேறு, ஐயம் வேறு. எச்சரிக்கை ஆபத்தைப் பார்க்கின்றது: வளைவைப் பார்க்கின்றது, வேகத்தைப் பார்க்கின்றது, உறக்கத்தைப் பார்க்கின்றது. ஐயமோ மனிதனைப் பார்க்கின்றது: அவனுடைய ஊரை, மொழியை, மார்க்கத்தைப் பார்த்து, அவன் நமக்குத் தீங்கு செய்வான் என்று முன்கூட்டியே தீர்ப்பளித்துவிடுகின்றது. இரண்டையும் பிரித்தறிய ஒரு சோதனை உண்டு. உண்மையான எச்சரிக்கை உள்ளூரிலும் அயலூரிலும் ஒன்றாகவே இருக்கும். அயலூரில் மட்டும் விழித்து, உள்ளூரில் உறங்கும் எச்சரிக்கை, பெயரளவில்தான் எச்சரிக்கை.

இதை நாம் மற்றவர்களைவிட நன்கு அறிந்திருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் ஒரு சிலர் செய்த பெருங்கொடுமைக்குப் பின்னர், மே மாதத்தில் குருநாகல், கம்பஹா, புத்தளம் மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அக்கொடுமையைக் கனவிலும் கருதாத எளியோர், பெயரை முன்னிட்டே ஐயுறப்பட்டனர். ஒரு சிலருக்காக ஒரு சமுதாயத்தையே சந்தேகக் கண்கொண்டு பார்ப்பது அநீதி என்று அன்று நாம் உரைத்தோம். உரைத்தது சரியே. அதே நாவால், ஒரு சிலருக்காக ஒரு நாட்டையே ஆகாது என்று எப்படிச் சொல்வது?

பெற்றவள் உலகத்திற்கு நீதி வழங்க உட்கார்ந்தவளல்லள். பிள்ளைகளைக் காக்க உட்கார்ந்தவள் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு வலியதே. ஆனால் ஐயம் பிள்ளைகளைக் காப்பதில்லை. கள்வனைத் தேடி வெளியே பார்த்துக்கொண்டிருக்கும் கண், ஓட்டுநரின் கண் சொருகுவதைக் காண்பதில்லை.

தீர்ப்பும் திரும்பலும்

மறுநாள் திண்ணையில் முதலில் என் ஆரியங்காவுக் கதையைச் சொன்னேன். துணைவியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் என் கருத்தை உரைத்தேன்: பயணத்தைத் தடுக்கமாட்டேன். ஆனால் கதிரவன் மறைந்தபின் சாலையில் வண்டி ஓடக் கூடாது. மலைப்பாதைகளை அறிந்த அவ்வூர் ஓட்டுநர் ஒருவரை அமர்த்தவேண்டும். அவருக்கு ஓய்வும் உறக்கமும் நம் பொறுப்பு. குழந்தைகள் உட்பட அனைவரும் இருக்கை வார் அணியவேண்டும். மழை எச்சரிக்கை வந்தால் திட்டத்தை மாற்றவேண்டும். வண்டியில் இருப்போரில் எவர் நிறுத்தச் சொன்னாலும், காரணம் கேளாமல் நிறுத்தவேண்டும். மருமகளிடம் தனியே கேட்டு, அவர் மனமார இசைந்தாலன்றிப் புறப்படக் கூடாது. கடைசியாக ஒன்று: இவையனைத்தும் குற்றாலம் செல்லும் சாலைக்கும் பொருந்தும்.

துணைவியார் நெடுநேரம் கழித்து, "என் அச்சம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் யாருக்குப் பயன்? அதுவும் வண்டியில் வரட்டும்" என்று சொல்லித் தாமும் புறப்பட்டார்.

பத்து நாள் கழித்து அனைவரும் நலமே திரும்பினர். அல்ஹம்துலில்லாஹ். அமைந்த ஓட்டுநர் குருநாகல் பக்கத்துச் சிங்களவர், பௌத்தர், ஓரளவு தமிழ் பேசுவார். வெள்ளிக்கிழமையன்று பள்ளிவாசலை அவரே விசாரித்துக் கொண்டுபோய் நிறுத்தினாராம். முதல் இரண்டு இரவுகளிலும் அவருடைய மனைவியிடமிருந்து மீண்டும் மீண்டும் தொலைபேசி அழைப்பு வந்ததாம். கடைசி நாளில்தான் அதன் காரணத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னாராம். ஏற்றிச் சென்றவர்கள் எப்படிப்பட்டவர்கள், முக்காடிட்ட அந்தப் பெண்கள் நல்லவர்கள்தாமா, இரவில் எங்கே தங்குகின்றீர்கள் என்று அந்த அம்மையார் அஞ்சி அஞ்சிக் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இதைக் கேட்டு என் துணைவியார் வருந்தவில்லை என்று மருமகள் சொன்னார். ஊரிலிருந்து கொண்டுபோன அல்வாவில் எஞ்சியிருந்த பொட்டலத்தை எடுத்து, "இதை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுங்கள். நானும் அவரைப் போலவே பயந்துகொண்டுதான் வந்தேன் என்று சொல்லுங்கள்" என்று கொடுத்தாராம்.

நலமாகத் திரும்பியதனால் எங்கள் முடிவு சரியாகிவிட்டது என்று நான் வாதிடமாட்டேன். ஆரியங்காவிலும் நாங்கள் நலமாகத்தான் திரும்பினோம். ஆனால் அன்று நான் செய்தது தவறு. விளைவு இறைவனிடத்தில் உள்ளது. நம்மிடம் விசாரிக்கப்படுவது, கட்டவேண்டியதைக் கட்டினோமா, கேட்கவேண்டியவரிடம் கேட்டோமா, ஐயுறக்கூடாதவரை ஐயுறாதிருந்தோமா என்பவையே.

இவ்வாண்டும் சாரல் வந்தது. ஐந்தருவிக்குப் புறப்பட்டோம், எண்மருக்கும் ஒரே வண்டி போதாது என்று இம்முறை இரண்டு வண்டிகள். சாவியை நான் திருப்புவதற்கு முன்னே பின்னிருக்கையிலிருந்து துணைவியாரின் குரல் வந்தது: "எல்லோரும் வாரைப் போட்டாயிற்றா?" பேத்தி ஆயிற்று என்றாள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்பட்டோம்.